நெல்லைச் சீமையில் டெண்ட் போட்டுத் தங்கிய இரவுகள்: எங்கே படுக்கலாம், எங்கே கூடாது

கருப்பட்டிக்காபி எழுதியது:

மார்ச், ஏப்ரல் இரண்டு மாதத்திலும் விட்டு விட்டுப் பதினோரு இரவு நெல்லை, தென்காசி, தூத்துக்குடி மாவட்டங்களில் வெளியில் தங்கினேன். வண்டி பழைய பைக். இருவர் படுக்கிற டெண்ட், பாய், ஐந்து லிட்டர் தண்ணீர்க் கேன், சின்ன ஸ்டவ், இரண்டு டார்ச். அவ்வளவுதான் சாமான். பதினோரு இரவில் காசு கொடுத்துத் தங்கியது இரண்டே இரவு. "திருநெல்வேலிப் பக்கம் கேம்ப்சைட் இருக்கா" என்று இங்கே அடிக்கடி கேட்கிறார்கள். அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் காசு கொடுத்த இடங்கள். குற்றாலம், மேக்கரைப் பக்கம் தோப்புக்குள் டெண்ட் அடித்து ஆளுக்கு இவ்வளவு என்று வாங்குகிறார்கள். நான் தங்கிய இடத்தில் 900 ரூபாய். பதினான்கு டெண்ட், ஒன்றின் கயிறு அடுத்ததில் இடிக்கிற மாதிரி. கழிப்பறை ஒன்று. ராத்திரி ஒரு மணி வரை ஸ்பீக்கர். தூங்கவே இல்லை. இன்னொன்று கடையம் பக்கம் ஒருவருடைய தென்னந்தோப்பு. 200 ரூபாய் வாங்கிக்கொண்டு, காலையில் பம்புசெட்டைப் போட்டுவிட்டு "குளிச்சிட்டுப் போங்க" என்றார். அந்தக் குளியலுக்கே 200 ரூபாய் தகும்.

இனி காசில்லாத இடங்கள். இதில் எனக்கு மனதில் நிற்பது தேரிதான், அதாவது செம்மணல் மேட்டுக் காடு. உடன்குடிப் பக்கம் சாயங்காலம் ஐந்தரை மணிக்கு ரோட்டிலிருந்து பார்த்தால் பனங்காட்டுக்குள் புகை. பதநீர் காய்ச்சுகிற ஓலைக் குடிசை, விடிலி என்பார்கள், அதுதான் என்று தெரிந்து வண்டியைத் தள்ளிக்கொண்டே போனேன். செம்மணலில் ஓட்ட முடியாது. உள்ளே ஒரு ஆச்சி பதநீர் காய்ச்சிக்கொண்டிருந்தார். நான் விஷயத்தைச் சொன்னேன். உடனே சரி என்று சொல்லவில்லை. "எங்கேருந்து வாரிய தம்பி? யாரு வீட்டுப் பிள்ள?" என்று ஊர், தெரு, அப்பா செய்கிற வேலை எல்லாம் கேட்டார். அதுவரை கை துடுப்பை விடவில்லை. நடுவில் நுரை பொங்கி விளிம்புக்கு வந்தது. நசுக்கி வைத்திருந்த ஆமணக்கு விதையில் ஒரு சிட்டிகை எடுத்துப் போட்டார். பொங்கினது அப்படியே அடங்கிவிட்டது. அதற்குப் பிறகுதான் என்னை நிமிர்ந்து பார்த்து, "படுத்துக்கிடுங்க. பனைக்கு நேர் கீழ மட்டும் படுக்காதிய, மட்டை உழும்" என்றார்.

டெண்டின் முளை தேரி மணலில் நிற்கவே இல்லை. அடித்த கையோடு பிடுங்கிக்கொண்டு வருகிறது. ஆச்சியிடம் நாலு பழைய சாக்கு வாங்கி, பாதிக்கு மணல் நிரப்பி, வாயைக் கட்டி, அதில் கயிற்றை முடிந்து ஒரு முழம் ஆழத்தில் புதைத்தேன். ராத்திரி காற்று நன்றாகவே அடித்தது, அசையவில்லை. பகலில் கால் வைக்க முடியாமல் சுட்ட மணல் நடுச்சாமத்தில் ஈரத்துணி மாதிரிக் குளிர்ந்துபோனது. விடிவதற்கு ரொம்ப முன்னாலேயே பனையேறுகிறவர்கள் வந்துவிட்டார்கள். மேலே மட்டைக்குள் டார்ச் வெளிச்சம் நகர்வதைப் படுத்தபடியே பார்த்துக்கொண்டிருந்தேன். காலையில் ஓலைப்பட்டையில் பதநீர் கொடுத்தார்கள். காசு வாங்க மாட்டேன் என்றதால் இரண்டு கிலோ கருப்பட்டி வாங்கிக்கொண்டேன், சிரட்டையில் ஊற்றினது. அங்கேயே இன்னொரு இரவும் இருந்தேன்.

ஒன்றைக் கவனியுங்கள். குதிரைமொழித் தேரியில் வனத்துறைக்குச் சொந்தமான காப்புக்காடு இருக்கிறது. அதற்குள் டெண்ட் கிடையாது. நான் தங்கியது வெளியே, பட்டா நிலத்தில், உடையவர்கள் சம்மதத்தோடு.

கடற்கரையில் மணப்பாட்டுக்கும் உவரிக்கும் இடையே ஒரு ஊரில் இரண்டு இரவு. சர்ச் வளாகத்தில் கோயில்பிள்ளையிடம், அதாவது சர்ச் வேலைகளைக் கவனிக்கிறவரிடம் கேட்டேன். அவர் ஊர்ப் பெரியவர் ஒருவருக்குப் போன் போட்டுவிட்டு இடம் காட்டினார். அன்று இரவு பதினொரு மணிக்குப் போலீஸ் வந்தது. ஒரு பக்கம் கூடங்குளம் அணுமின் நிலையம், இன்னொரு பக்கம் குலசேகரப்பட்டினம் ராக்கெட் தளம் என்று இருக்கிற கடற்கரை. ரோந்து இருக்கத்தான் செய்யும். ஆதார் கார்டைப் பார்த்தார்கள், கோயில்பிள்ளையிடம் ஒரு வார்த்தை கேட்டார்கள், போய்விட்டார்கள். கேட்காமல் மணலில் படுத்திருந்தால் அந்த இரவு வேறு மாதிரி போயிருக்கும். மணலில் படுக்கக் கூடாது என்பதற்கு இன்னொரு காரணம், மூன்று மணிக்கே வள்ளம் இறக்குகிறார்கள். வலை காயப்போடுகிற இடமும் அதுதான்.

நாங்குநேரிப் பக்கம் நான்குவழிச்சாலையில் ஒரு பெட்ரோல் பங்க்கில் ஒரு இரவு. விடியுமுன் கிளம்பிக் கூந்தன்குளம் போய்விட்டேன். 1994 முதல் பறவைகள் சரணாலயம். குளக்கரையில் தங்க அனுமதி இல்லை. ஆனால் விடிகிற நேரத்தில் அங்கே இருக்க வேண்டும். கூழைக்கடாவும் சங்குவளை நாரையும் ஊருக்குள்ளேயே வீட்டு மரங்களில் கூடு கட்டி இருக்கின்றன. பறவைகளுக்காகத் தீபாவளிக்கு வெடி போடாத ஊர். அங்கே போய் ஹாரன் அடிக்காதீர்கள்.

மீதி இரவுகள் சித்தப்பா வீட்டுக் களத்துமேடு, ஒரு கல்யாண மண்டபத்துத் திண்ணை, இப்படி. சொல்ல ஒன்றுமில்லை. பங்குனி உத்திர இரவைப் பற்றித் தனியாக எழுத வேண்டும், பிறகு வருகிறேன்.

பாபநாசம், காரையார், மணிமுத்தாறு, மாஞ்சோலை, திருக்குறுங்குடி மலைநம்பி, களக்காடு தலையணை இவற்றையெல்லாம் டெண்ட் கணக்கில் சேர்க்காதீர்கள். 1988 முதல் களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகம். பகலில் பார்த்துவிட்டு சோதனைச்சாவடி மூடுமுன் இறங்கிவிட வேண்டும். உள்ளே தங்க வேண்டுமானால் வனத்துறை விடுதியில் முறையாகக் கேட்டுத்தான்.

---

பத்துச்சக்கரம் எழுதியது:

தம்பி, நல்லா எழுதியிருக்கீங்க. நான் இருபத்திரண்டு வருஷமாக லாரி ஓட்டுகிறேன். பங்க்கில் தங்குவது பற்றி மட்டும் சொல்கிறேன்.

வண்டியை நிறுத்திவிட்டுப் போய்க் கேட்காதீர்கள். முதலில் எண்ணெய் போடுங்கள், நூறு ரூபாய்க்கானாலும் போடுங்கள், அப்புறம் ராத்திரி டூட்டிக்காரரிடம் கேளுங்கள். பகல் ஆள் சரி என்று சொல்லி, பத்து மணிக்கு ஷிப்ட் மாறி, வந்தவர் எழுப்பி விரட்டினது எனக்கே நடந்திருக்கிறது. லாரி நிற்கிற வரிசைக்குப் பின்னால் தரையில் டெண்ட் போடவே போடாதீர்கள். மூன்று மணிக்குத் தூக்கக் கலக்கத்தில் ரிவர்ஸ் எடுக்கிறவனுக்கு உங்கள் டெண்ட் தெரியாது. சுவரை ஒட்டி, வெளிச்சத்துக்குக் கீழே, காற்றடிக்கிற மிஷினுக்கு அந்தப் பக்கம் போடுங்கள். அங்கே லாரி வராது.

புளியரை வழியாகக் கேரளா போகிறவர்கள் மலை ஏறுமுன் செங்கோட்டையிலேயே படுத்துவிடுங்கள். வளைவில் ஓரங்கட்டிப் படுக்காதீர்கள். ராத்திரி முழுக்க பாரவண்டி இறங்கிக்கொண்டே இருக்கும். பிரானூரில் பரோட்டா தின்றுவிட்டு நிம்மதியாகத் தூங்கி எழுந்து போகலாம்.

அப்புறம் காற்று. நீங்கள் போனது பங்குனி, சித்திரை. ஆனி, ஆடியில் பணகுடி, காவல்கிணறு, வள்ளியூர் பக்கம் டெண்ட் நிற்காது. ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்று நேராக வருகிறது, அதற்காகத்தானே அத்தனை காற்றாடி நட்டிருக்கிறார்கள். என் லாரித் தார்ப்பாயையே உரித்துக்கொண்டு போயிருக்கிறது.

---

நதிக்கரை எழுதியது:

ஒரு சந்தேகம். தாமிரபரணிக் கரையில் பாபநாசத்திலிருந்து ஸ்ரீவைகுண்டம் வரை எத்தனை கல்மண்டபம், எத்தனை படித்துறை! வழிப்போக்கர்கள் தங்குவதற்கென்றே நம் முன்னோர்கள் கட்டிப்போட்டவை. அங்கே படுக்க யாரிடம் அனுமதி கேட்க வேண்டும்? டெண்ட் கூட வேண்டாம், ஒரு ஜமுக்காளம் போதும். நான் சேரன்மகாதேவிப் பக்கம் அப்படிப் பலமுறை படுத்திருக்கிறேன்.

---

கருப்பட்டிக்காபி எழுதியது:

மண்டபம் நமக்கென்று கட்டினதுதான், மறுக்கவில்லை. ஆனால் ஆற்றை யோசியுங்கள். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் நான் பாளையங்கோட்டையில் இருந்தேன். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை. குறுக்குத்துறை முருகன் கோவில் மூழ்கியது. சிந்துபூந்துறைத் தெருக்களுக்குள் தண்ணீர் வந்தது. ஸ்ரீவைகுண்டம் ஸ்டேஷனில் செந்தூர் எக்ஸ்பிரஸ் நகர முடியாமல் நின்றது, நூற்றுக்கணக்கானவர்கள் அதற்குள் மாட்டிக்கொண்டார்கள். ரயிலுக்கே அந்தக் கதி என்றால் மண்டபத்தில் ஜமுக்காளம் விரித்தவருக்கு என்ன வழி?

ஐப்பசி, கார்த்திகை, மார்கழி மூன்று மாதமும் ஆற்றுப்பக்கமே வேண்டாம். மற்ற மாதங்களிலும் நம் தலைக்கு மேல் வெயில் அடித்துக்கொண்டிருக்கும்போதே மலையில் மழை பெய்யும், அணையில் தண்ணீர் திறப்பார்கள். அதனால்தான் அந்தத் தெருக்காரர் ஒருவரிடமாவது "இன்னைக்குப் படுக்கலாமா" என்று கேட்கச் சொல்கிறேன். ஆறு இன்று எப்படி இருக்கிறது என்பது அவருக்குத் தெரியும், நமக்குத் தெரியாது.

---

அம்பைமருமகள் எழுதியது:

கேட்டுவிட்டுப் படுங்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். ஆணுக்கு அது சரி. தனியாகப் போகிற பெண் நாலு பேரிடம் கேட்டால், இன்று ராத்திரி இவள் எங்கே தனியாகப் படுக்கப் போகிறாள் என்பது நாலு பேருக்குத் தெரிந்துவிடும். இதை யோசித்தீர்களா?

நான் ஸ்கூட்டரில் தனியாகச் சுற்றுகிறவள். கடையில், டீக்கடையில் கேட்கவே மாட்டேன். வாசலில் கோலமும், கொடியில் சேலையும், திண்ணையில் ஒரு பாட்டியும் இருக்கிற வீடாகப் பார்த்து ஒரே வீட்டில்தான் கேட்பேன். கிடைத்தால் அவர்கள் வாசலிலேயே டெண்ட். கிடைக்காவிட்டால் இருட்டுமுன் திருச்செந்தூரோ திருநெல்வேலி ஜங்ஷனோ போய் ரூம் போட்டுவிடுவேன். அதில் ஒரு குறைவும் இல்லை.

ஆனால் ஒன்று. நம் ஊரில் பெண்கள் வெளியில் தங்குவது புதிதா என்ன? சொரிமுத்து அய்யனார் கோவில் ஆடி அமாவாசைக்குச் சின்ன வயதில் காரையாற்றில் எட்டு நாள், பத்து நாள் குடில் போட்டு இருந்திருக்கிறோம். மரக்கம்பு, தென்னங்கீற்று, மேலே தார்ப்பாய். அம்மா ஆற்றிலிருந்து மூன்று கல் எடுத்து வந்து அடுப்பு கூட்டுவாள். கடைசி நாள் அதே கல்லைக் கழுவி, எடுத்த இடத்திலேயே கொண்டுபோய்ப் போடுவாள். கரி ஒட்டியிருந்தால் திரும்பவும் தேய்க்கச் சொல்வாள். இப்போது தங்குகிற நாட்களைக் குறைத்துவிட்டார்கள், பிளாஸ்டிக்கும் கூடாது. புலிகள் காப்பகத்துக்குள் லட்சக்கணக்கான ஜனம், கட்டுப்பாடு வேண்டியதுதான். பாபநாசத்தில் பரிகாரம் என்று ஆற்றில் துணியை விட்டுவிட்டுப் போகிறார்களே, அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அம்மாவின் அந்த மூன்று கல்தான் நினைவுக்கு வரும்.

---

கருப்பட்டிக்காபி எழுதியது:

அக்கா, அந்தக் கோணத்தில் நான் யோசிக்கவே இல்லை. ஒரே வீடு என்பதுதான் சரியான வழி. முதல் பதிவில் சேர்க்கிறேன்.

நீங்கள் குடிலைச் சொன்னதும் பங்குனி உத்திரத்தை எழுதிவிடுகிறேன். எங்கள் குலதெய்வமான சாஸ்தா கோவிலுக்கு நான் போய் ஆறு வருஷம் ஆகியிருந்தது. ஊரைத் தாண்டிக் குளக்கரை, அதையும் தாண்டி உடைமரக் காடு, நடுவில் கோவில். மற்ற நாளில் விளக்கு ஏற்றக்கூட ஆள் இருக்காது. அன்றைக்கு முப்பது வேன். சென்னை, மும்பை என்று எங்கெங்கோ இருக்கிறவர்கள் எல்லாம் வந்து வேனுக்கும் மரத்துக்கும் நடுவே சேலையைக் கட்டி நிழல் செய்து, ஜமுக்காளம் விரித்து உட்கார்ந்துவிட்டார்கள். என் டெண்டைப் பார்த்துப் பிள்ளைகள் ஓடி வந்தன. கடைசியில் உள்ளே படுத்தது மூன்று குழந்தைகள், நான் வெளியே.

பொங்கல் வேகிற வாசனையோடு பக்கத்து வேன்காரர் ஒருவர் வந்து, "உங்களுக்கும் இதே சாஸ்தாவா? அப்ப நமக்குள்ள என்ன, சாப்பிட வாங்க" என்று கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார். கூட்டாஞ்சோறு, அப்பளம். ராத்திரி முழுக்க ஜெனரேட்டர் சத்தம், மேளம், யாராவது ஒருவர் பேரைச் சொல்லிக் கூப்பிடுகிற குரல். தூக்கம் இரண்டு மணி நேரம்தான். ஆனால் அந்தப் பதினோரு இரவில் பயம் என்ற எண்ணமே வராத இரவு அது. இங்கே எழுதுகிற நெல்லைக்காரர்களுக்கு ஒரு வேண்டுகோள்: முதல்முறை வெளியில் தங்குகிறீர்கள் என்றால் அதை உங்கள் சாஸ்தா கோவிலில் பங்குனி உத்திரத்தன்று தொடங்குங்கள்.

---

கடையம்தோப்பு எழுதியது:

பேசுவதற்கு நன்றாகத்தான் இருக்கிறது. தோப்பு வைத்திருக்கிறவன் பக்கத்தையும் கேளுங்கள்.

போன வருஷம் நாலு பையன்கள் வந்து கேட்டார்கள். மரியாதையாகத்தான் பேசினார்கள், சரி என்றேன். காலையில் போய்ப் பார்த்தால் காய்ந்த ஓலையைக் குவித்து நெருப்பு போட்டிருக்கிறார்கள், கீழே சொட்டுநீர்க் குழாய் ஓடுகிறது என்று பார்க்கவில்லை. முப்பது அடிக் குழாய் உருகிப்போயிருந்தது. அதையாவது மாற்றிவிட்டேன். வரப்பில் பாட்டிலை உடைத்துப் போட்டிருந்தார்கள். இரண்டு நாள் கழித்து என் பசுவுக்குக் குளம்புக்கு மேலே ஆழமாக வெட்டிவிட்டது. சீழ் வைத்து, மூன்று வாரம் காலைத் தூக்கிக்கொண்டே நின்றது. கன்று குட்டியாக இருந்தபோதிருந்து நான் வளர்த்த மாடு. இப்போது யார் கேட்டாலும் இல்லை என்றுதான் சொல்கிறேன். சொல்லிவிட்டு, நல்ல பிள்ளையாக இருந்திருந்தால் என்ன செய்வது என்று ராத்திரி மனசு கஷ்டப்படும். ஆனாலும் முடியவில்லை.

கருப்பட்டிக்காபி தம்பி, போன மாதம் வேறு இழையில் அந்த விடிலி இருக்கிற இடத்துக்கு மேப்பில் குறி போட்டிருந்தீர்கள், பார்த்தேன். அதை எடுத்துவிடுங்கள். உங்களுக்கு அந்த ஆச்சி இடம் கொடுத்தது நீங்கள் போய் நின்று பேசினதால். மேப்பைப் பார்த்து வருகிறவன் பேச மாட்டான், நேராக டெண்டை விரிப்பான்.

---

கருப்பட்டிக்காபி எழுதியது:

எடுத்துவிட்டேன் அண்ணாச்சி. போட்டது தப்புதான். உங்கள் மாட்டைப் படித்ததிலிருந்து மனது சரியில்லை. இப்போது நடக்கிறதா?

---

கடையம்தோப்பு எழுதியது:

நடக்கிறது. லேசாக நொண்டும். கேட்டதற்கு நன்றி தம்பி.

---

சாரல் எழுதியது:

ஜூலையில் குற்றாலம் வருகிறோம், நாலு நண்பர்கள். பழைய குற்றாலம் அல்லது ஐந்தருவிப் பக்கம் ஓடைக்கரையில் டெண்ட் போடலாமா? எங்களிடம் நல்ல வாட்டர்ப்ரூஃப் டெண்ட் இருக்கிறது.

---

பத்துச்சக்கரம் எழுதியது:

வேண்டாம் தம்பி. 2024 மே மாதம் பழைய குற்றாலத்தில் திடீர் வெள்ளம் வந்து பதினேழு வயதுப் பையன் ஒருவன் போய்விட்டான். கீழே நின்ற யாருக்கும் முன்கூட்டித் தெரியவில்லை. மெயினருவியில் பாதுகாப்பு வளைவான ஆர்ச்சைத் தாண்டித் தண்ணீர் விழுந்தால் போலீஸ் வெளியேற்றிவிடும், குளிக்கிறவனுக்கு அந்தப் பாதுகாப்பு உண்டு. ஓடைக்கரையில் தூங்குகிறவனை யார் எழுப்புவார்கள்?

---

அம்பைமருமகள் எழுதியது:

சாரல் மாதத்தில் தரை காயவே காயாது. மேலே தண்ணீர் வராவிட்டாலும் கீழேயிருந்து ஈரம் ஏறும், மலையடியில் அட்டை வேறு. தென்காசியிலோ இலஞ்சியிலோ ரூம் எடுத்துக்கொண்டு பகலில் சுற்றுங்கள். மழை அவ்வளவு எட்டாத சுந்தரபாண்டியபுரம் பக்கம் சூரியகாந்தி பூத்திருந்தால் அதையும் பாருங்கள். ஆனால் வயலுக்குள் இறங்காதீர்கள், அதுவும் ஒருவர் விளைச்சல்தான்.

---

தேரிமண் எழுதியது:

நான் தேரிக்காட்டு ஆள். இரண்டு விஷயம்.

தேரியிலும் உடைமரக் காட்டிலும் சுருட்டை விரியன் உண்டு. சின்னப் பாம்பு, மணல் நிறத்திலேயே கிடக்கும். டெண்டின் ஜிப்பை ஒரு விரல் இடைவெளி இல்லாமல் மூடுங்கள், செருப்பை உள்ளே வையுங்கள், ராத்திரி எழுந்தால் டார்ச் இல்லாமல் கால் கீழே வைக்காதீர்கள். கடித்தால் கட்டு போடுவது, கீறுவது எதுவும் வேண்டாம். அசையாமல் உட்கார்ந்து 108-க்குக் கூப்பிடுங்கள். திருநெல்வேலிக்குப் பக்கமாக இருந்தால் நேராகப் பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் அரசு ஆஸ்பத்திரி.

இன்னொன்று, விடிலி எல்லாம் வருஷம் முழுக்க இருக்காது. பதநீர் மாசியில் தொடங்கி ஆவணிவாக்கில் முடிந்துவிடும். அதற்கப்புறம் ஓலையைப் பிரித்துவிடுவார்கள், காட்டில் ஆளே இருக்காது. ஆள் இல்லாத தேரியில் தங்க வேண்டாம். போகிறவர்கள் சாக்கைக் கையோடு கொண்டுபோங்கள், ஆச்சிமார்களிடம் இருக்கிற சாக்கு கருப்பட்டி கட்டுவதற்கு வேண்டும்.

---

கருப்பட்டிக்காபி எழுதியது:

சாக்கைத் திருப்பிக் கொடுத்துவிட்டுத்தான் வந்தேன் அண்ணே, மணலை உதறிவிட்டு. ஆடி பிறக்குமுன் இன்னொரு முறை போகிறேன். ஆச்சி தலைவலித் தைலமும் டார்ச்சுக்குப் பேட்டரியும் கேட்டிருந்தார்.